தவறிய மாத்திரைக்கு ஒரு முகவரி உண்டு



நினைவுச் சொற்பொழிவுக்கு வழக்கமாக ஓர் ஆய்வாளரையோ எழுத்தாளரையோ அழைப்போம். இந்த ஆண்டு உரையை நமது அமைப்பின் மருத்துவ உதவிக் குழுவே எழுதித் தர வேண்டும் என்று பொதுக்குழுவில் முடிவானது. ஐந்து பேர் சேர்ந்து எழுதியிருக்கிறோம், ஒருவர் வாசிக்கிறார். எங்களில் ஒருவர் செவிலியர், இருவர் பள்ளி ஆசிரியர்கள், ஒருவர் முன்னாள் லாரி ஓட்டுநர், ஒருவர் ஆய்வு மாணவி. மருத்துவர் யாருமில்லை. கடந்த சில ஆண்டுகளாக நம் மக்களோடு அரசு மருத்துவமனைகளுக்குத் துணைக்குப் போவது, வரிசையில் நிற்பது, சீட்டு எழுதித் தருவது, பேருந்து ஏற்றி அனுப்புவது, இவைதான் எங்கள் வேலை. அந்த அனுபவத்திலிருந்து பேசுகிறோம். பேசப்போவது எச்.ஐ.வி. சிகிச்சையைப் பற்றி. ஒருவர் ஏன் அதை விடாமல் தொடர்கிறார், இன்னொருவர் ஏன் பாதியில் நிறுத்துகிறார் என்பதுதான் கேள்வி.

இலக்கிய மேடையில் மாத்திரைக் கணக்கு எதற்கு என்று சில தோழர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். பதிலை ஒரு மரணத்திலிருந்து தொடங்குகிறோம்.

எங்களோடு பயணம் செய்த கலைக்குழு ஒன்றில் ஒரு பறைக் கலைஞர் இருந்தார். அவர் பெயரைச் சொல்லப்போவதில்லை. உயிரோடு இருந்தபோது அவர் வெளியில் சொல்ல விரும்பாததை, இறந்தபின் சொல்ல நமக்கு உரிமையில்லை. அவருடைய துணைவியாரின் சம்மதத்தோடு, ஊரும் ஆண்டும் அடையாளமும் நீக்கி, தேவையானதை மட்டும் சொல்கிறோம். அவர் மூளையைத் தாக்கிய காசநோயால் இறந்தார். எச்.ஐ.வி. தொற்று இருந்தது என்பதே எங்களுக்குக் கடைசி வாரத்தில்தான் தெரியும். மருத்துவமனைக் கோப்பில் அவரைப் பற்றி எழுதியிருந்தது ஒரே வரி: சிகிச்சைக்கு ஒத்துழைக்காதவர்.

அடக்கம் முடிந்து, அவருடைய பறை உறையைத் துணைவியாரிடம் கொடுத்தோம். அவர் அதைப் பிரித்தார். உள்ளே ஒரு பழைய காலுறை. அதற்குள் உதிரியாக மாத்திரைகள். அந்த அம்மா எங்களிடம் சொன்னார்: "வீட்ல இருந்தா ஒரு நாளும் விட்டதில்லீங்க. நான்தான் எடுத்துக் குடுப்பேன். உங்களோட வர்ற நாள்லதான் போடாம இருந்திருக்காரு."

தோழர்களே, அந்த வரிதான் இந்த உரை. வீட்டில் தவறாத மாத்திரை, எங்களோடு இருந்த நாட்களில் தவறியது. தீண்டாமைக்கு எதிராக இரவெல்லாம் பறையடித்த ஒரு குழுவுக்குள், ஒரு மனிதர் தன் மாத்திரையை எடுத்து வாயில் போட இடமில்லாமல் இருந்திருக்கிறார்.

ஏன் என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அந்தக் காலத்தில் அவருக்குக் கொடுத்தது இரவில் ஒரு வேளை போடும் கூட்டு மாத்திரை. அதில் எஃபாவிரென்ஸ் என்ற மருந்து உண்டு. போட்டால் தலை சுற்றும், போதை ஏறியதுபோல் இருக்கும், விபரீதமான கனவுகள் வரும். அதனால் படுக்கப் போகும்போது போடச் சொல்வார்கள். ஆற்றுப்படுத்துநர் அவருக்கு இரவு 9 மணி என்று எழுதிக் கொடுத்திருந்தார். இரவு 9 மணி நம் குழுவில் என்ன நேரம்? வைக்கோலைக் கொளுத்தி, பறையைத் தீயில் காய்ச்சும் நேரம். நிகழ்ச்சி முடிய நள்ளிரவு ஆகும். பிறகு ஒரு பள்ளிக்கூட அறையிலோ சமுதாயக் கூடத்திலோ பத்துப் பேர் வரிசையாகப் படுப்போம். மாத்திரைப் புட்டியைக் கையில் எடுத்தாலே உள்ளே கலகலவென்று ஓசை வரும். "என்ன மாத்திரைண்ணே?" என்று யாராவது கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அவர் புட்டியிலிருந்து எடுத்துக் காலுறையில் போட்டுக்கொண்டு வந்தார். அப்படியும் போட முடியவில்லை.

அவர் ஒத்துழைக்காதவர் அல்ல. கோப்பில் அந்த வரியை எழுதியவருக்கு இந்த 9 மணி தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய எங்களுக்கும் தெரியவில்லை.

மாத்திரை என்ன செய்கிறது

மாணவர்களுக்காக அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். எச்.ஐ.வி. நம் உடலின் காவலைச் செய்யும் சி.டி.4 என்ற வெள்ளை அணுக்களுக்குள் புகுந்து தன்னைத் தானே படியெடுத்துப் பெருகுகிறது. ஏ.ஆர்.டி. என்று சொல்லும் கூட்டு மருந்து இந்தப் படியெடுப்பைத் தடுக்கிறது. வைரஸை உடலிலிருந்து முற்றாக வெளியேற்றுவதில்லை. அதனால்தான் வாழ்நாள் முழுவதும் போட வேண்டும். இரத்தத்தில் மருந்தின் அளவு குறைந்தால் வைரஸ் மறுபடி பெருகும். அவசரத்தில் படியெடுக்கும்போது பிழைகள் வரும். அந்தப் பிழைகளில் ஒன்று மருந்துக்கு அடங்காத வைரஸாக இருந்துவிட்டால், மருந்துக்கு நடுவிலேயே அது வளரும். இதைத்தான் மருந்து எதிர்ப்பு என்கிறார்கள். அதன்பிறகு அதே மாத்திரை பலிக்காது. வேறு மருந்துக்கு மாற வேண்டும்.

ஆரம்பக் காலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வேளையாவது தவறாமல் போட வேண்டும் என்பது கணக்கு. அன்று காலை ஒன்று, மாலை ஒன்று என மாதம் 60 மாத்திரை. மூன்றுக்கு மேல் விட்டால் அந்தக் கணக்குக்குக் கீழே போய்விடுவீர்கள். நம்மில் எத்தனை பேர், காய்ச்சலுக்குக் கொடுத்த ஐந்து நாள் மாத்திரையை ஐந்து நாளும் போட்டிருக்கிறோம்? இப்போது நாள் ஒன்றுக்கு ஒரே மாத்திரை. டொலுடெக்ரவிர் சேர்ந்த இந்த மருந்தில் பக்கவிளைவும் குறைவு, எதிர்ப்பு உருவாவதும் கடினம். ஆனாலும் விட்டுவிட்டுப் போடலாம் என்று பொருளில்லை.

தவறாமல் போட்டால் என்ன கிடைக்கும்? இரத்தத்தில் வைரஸ் அளவு பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறையும். வேலை செய்யலாம், குழந்தை பெறலாம், வயதாகி முதுமையில் சாகலாம். அப்படிக் குறைந்த நிலையில் நீடிப்பவரிடமிருந்து உடலுறவு மூலம் தொற்று பரவுவதும் இல்லை. இதற்கு அடிப்படையான ஆய்வுகளில் முக்கியமான ஒன்றின் முதல் முடிவு 2011இல் வெளியானது. 9 நாடுகளில், ஒருவருக்குத் தொற்றும் மற்றவருக்குத் தொற்றின்மையும் உள்ள 1763 இணையர்களிடம் நடந்தது. சிகிச்சையை முன்கூட்டியே தொடங்கியபோது இணையருக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வு நடந்த இடங்களில் நம் சென்னையும் ஒன்று. நம் ஊர் இணையர்கள் மாத்திரை போட்டுத் தந்த அறிவு இது. அந்த அறிவு இன்னும் நம் தெருக்களுக்குத் திரும்பி வரவில்லை.

குற்றவாளியைத் தேடிய வரலாறு

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில். மதராஸ் மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த வேலை அது. இருவரின் துணிச்சலையும் நாம் மதிக்க வேண்டும். ஆனால் யாருடைய இரத்தத்தில் கண்டறியப்பட்டது? பாலியல் தொழில் வழக்கில் பிடிபட்டு, காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களின் இரத்தத்தில். நோய் நம் நாட்டுக்குள் ஒரு குற்றப்பத்திரிகையோடு நுழைந்தது. அன்றிலிருந்து கேள்வி "எப்படி வாழ வைப்பது" என்பதாக இல்லை. "எப்படி வந்தது, யாரால் வந்தது" என்பதாகவே இருந்தது. 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களில் புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா என்று கேட்ட விளம்பரம் பலருக்கு நினைவிருக்கும். விழிப்புணர்வுக்காக வைத்ததுதான். தெருவில் அது கேலிப்பெயராகவும் ஆனது. லாரி ஓட்டிய எங்கள் தோழர் சொல்கிறார்: அந்த நாட்களில் டீக்கடையில் அந்தப் பெயரைச் சொல்லி யாரையாவது கூப்பிட்டால், உண்மையிலேயே தொற்று இருந்தவர் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

மருந்தின் கதை இன்னொரு பக்கம். கூட்டு மருந்து வந்த புதிதில் ஒருவருக்கு ஓர் ஆண்டுச் செலவு 10,000 டாலருக்கு மேல். 2001 பிப்ரவரியில் மும்பையின் சிப்ளா நிறுவனம், எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. நம் நாட்டின் 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை என்பதால்தான் அது முடிந்தது. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் அரசு நெஞ்சக மருத்துவமனை அந்த முதல் மையங்களில் ஒன்று. அதற்கு முன் நிலத்தை விற்றும் நகையை அடகு வைத்தும் சில மாதங்கள் மருந்து வாங்கினார்கள், பணம் தீர்ந்ததும் நிறுத்தினார்கள். விற்க நிலமில்லாத நம் மக்களுக்கு அந்தச் சில மாதங்களும் இல்லை.

மருந்து மலிவானதும் வேறொரு வாதம் வந்தது: கொடுத்தாலும் இவர்கள் ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள். 2001இல் அமெரிக்க அரசின் வளர்ச்சி உதவி முகமையின் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்கர்களில் பலர் கடிகாரம் அறியாதவர்கள், நேரம் பார்த்து மருந்து போடுவது அவர்களால் ஆகாது என்ற பொருளில் பேசினார். அதே ஆண்டு மே மாதம், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் அருகே கயலீட்ஷா என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பில், எல்லையற்ற மருத்துவர்கள் அமைப்பு சிகிச்சையைத் தொடங்கியிருந்தது. தகரக் கொட்டகைகளில் வாழ்ந்த மக்கள் மருந்தை ஒழுங்காகப் போட்டார்கள், பிழைத்தார்கள். 2006இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஒரு தொகுப்பாய்வு வந்தது. போதிய அளவுக்குத் தவறாமல் மருந்து எடுத்தவர்கள் ஆப்பிரிக்க ஆய்வுகளில் 77 சதவீதம். வட அமெரிக்க ஆய்வுகளில் 55 சதவீதம். கடிகாரம் யாரிடம் இருந்தது?

இந்த வாதம் நமக்குப் புதிதல்ல. இடஒதுக்கீடு கொடுத்தாலும் படிக்க மாட்டார்கள், வீடு கட்டிக் கொடுத்தாலும் வைத்துக்கொள்ளத் தெரியாது, நிலம் கொடுத்தாலும் விற்றுக் குடித்துவிடுவார்கள். பாடல் மாறுகிறது, ராகம் அதேதான். உரிமையை மறுப்பதற்கு முன்னால், அந்த உரிமைக்கு இவர்கள் தகுதியற்றவர்கள் என்று நிறுவுவது.

மருத்துவத்தில் முன்பு இதற்குக் கம்ப்ளையன்ஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். கீழ்ப்படிதல் என்று பொருள். கீழ்ப்படிதல் என்ற சொல் நம் முதுகுக்குத் தெரியும். பின்னர் அட்ஹியரன்ஸ் என்று மாற்றினார்கள்; நோயாளியும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்து, அதைப் பற்றி நிற்பது என்று விளக்கம். சொல் மாறிவிட்டது. கவுண்டரில் கேட்கும் குரல் பல இடங்களில் இன்னும் மாறவில்லை.

முகவரிகள்

மாத்திரை தவறினால் அதற்கு ஒரு முகவரி இருக்கும். அந்த முகவரி பெரும்பாலும் நோயாளியின் மனம் அல்ல. நாங்கள் துணைக்குப் போனவர்களிடமிருந்து தெரிந்துகொண்ட சில முகவரிகளைச் சொல்கிறோம்.

முதல் முகவரி, கூலி. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் ஒரு பெண். காலை 6 மணிக்கு மஸ்டர். வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. மருந்து வாங்கும் மையம் வேலைநாளில் மட்டும், அலுவலக நேரத்தில் மட்டும். மாதம் ஒரு நாள் விடுப்புக் கேட்டால் மேற்பார்வையாளர் மருத்துவமனைச் சீட்டுக் கேட்பார். சீட்டில் மையத்தின் முத்திரை இருக்கும். சீட்டைக் காட்டினால் நோய் தெரியும்; காட்டாவிட்டால் சம்பளம் போகும். அவர் மூன்று மாதம் சம்பளத்தை விட்டார். நான்காம் மாதம் மாத்திரையை விட்டார். அவரைச் சோம்பேறி என்று யார் சொல்ல முடியும்? பொது வெளிநோயாளிச் சீட்டில் ஒரு வரி எழுதித் தாருங்கள் என்று நாங்கள் மையத்து மருத்துவரிடம் கேட்டோம். உடனே எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான் தேவைப்பட்டது. அதைக் கேட்க ஒரு துணை தேவைப்பட்டது.

இரண்டாவது, பேருந்து. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பெரிய உதவி. ஆனால் நகரப் பேருந்து தாலுகாவோடு நின்றுவிடும். மாவட்டத் தலைநகருக்கு வேறு பேருந்து, அதற்கு டிக்கெட். இதிலும் ஒரு வளைவு உண்டு. பலர் தங்கள் மாவட்ட மையத்துக்கே போவதில்லை. அங்கே சொந்த ஊர்க்காரர் யாராவது வார்டிலோ கேண்டீனிலோ வேலை பார்ப்பார். அதனால் அடுத்த மாவட்டத்துக்குப் போகிறார்கள். அந்தக் கூடுதல் டிக்கெட், அவமானத்துக்கு அவர்கள் கட்டும் வரி.

மூன்றாவது, வீடும் தெருவும். நம் காலனி வீடுகளில் சுவர்தான் இரண்டு குடும்பத்துக்கும் பொது. பீரோ இல்லை, பூட்டு இல்லை, தனி அறை இல்லை. அரிசிப் பானைக்குள் மாத்திரையை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறோம். மருந்து வாங்க வராதவரைத் தேடிக் களப்பணியாளர் வருவார். நல்லெண்ணத்தோடுதான் வருகிறார். ஆனால் தோளில் பையோடு ஒரு வெளியாள் குழாயடியில் நின்று பெயர் சொல்லி விசாரித்தால், அன்று மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். தேடி வந்ததாலேயே ஊரைவிட்டுப் போனவர்கள் உண்டு.

நான்காவது, சோறு. வெறும் வயிற்றில் சில மருந்துகள் குமட்டும். மருந்து வேலை செய்யத் தொடங்கி உடம்பு தேறும்போது பசியும் கூடும். ஒரு விவசாயக் கூலிப் பெண் சொன்னார்: "மாத்திரை போட்டா பசிக்குது சார். பசிச்சா எங்க போறது? அதான் வேல இல்லாத மாசம் போடல." பசிக்கு மருந்தாகப் பசியைத் தூண்டாமல் இருப்பதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

ஐந்தாவது, குடி. இதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. சாக்கடைக்குள் இறங்கும் வேலையைக் குடிக்காமல் செய்ய முடியவில்லை என்பவர்களை நாம் அறிவோம். அவர்களிடம் "குடித்தால் மருந்து வேலை செய்யாது" என்று மையத்தில் கண்டிக்கிறார்கள். அவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார்? இன்று குடித்துவிட்டேன், அதனால் இன்று மாத்திரை போடக் கூடாது. மருந்தைக் கெடுத்ததைவிட இந்த அறிவுரையே அதிகம் கெடுத்திருக்கிறது. குடித்தாலும் குடிக்காவிட்டாலும் மாத்திரையைப் போடுங்கள். குடியைப் பற்றித் தனியாகப் பேசுவோம் என்பதுதான் சொல்ல வேண்டிய சொல்.

ஆறாவது, உடம்பில் தெரியும் மாற்றம். தொடக்கத்தில் கொடுத்த ஸ்டாவுடின் என்ற மருந்தை நீண்ட நாள் போட்டவர்களுக்குக் கன்னம் ஒட்டி, கை கால் மெலிந்து, பாதம் எரியும். நோயை மறைக்க வேண்டிய மருந்தே முகத்தில் நோயை எழுதிவிட்டது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் அதைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. அதற்குள் பலர் மருந்தைத் தாமே கைவிட்டிருந்தார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. நன்றாகத் தேறியவர், "எனக்குத்தான் ஒண்ணுமில்லையே" என்று நிறுத்துவார். ஜெபக் கூட்டத்திலோ குறி சொல்லும் இடத்திலோ குணமாகிவிட்டது என்று சொன்னதை நம்பி நிறுத்தியவர்களும் எங்கள் கணக்கில் உண்டு.

ஏழாவது, பெண்ணாக இருப்பது. கர்ப்பகாலப் பரிசோதனையில் குடும்பத்திலேயே முதலில் தெரிய வருவது பெரும்பாலும் பெண்ணுக்குத்தான். முதலில் தெரிந்தவளே கொண்டுவந்தவள் என்று தீர்ப்பாகிவிடும். பிறகு கணவனுக்கு மருந்து வாங்கி வருவதும், நேரம் பார்த்துக் கொடுப்பதும், காசில்லாத மாதம் அவனை மட்டும் அனுப்புவதும் அவள்தான். அவளுடைய மாத்திரைக்கு நேரம் பார்த்துக் கொடுக்க ஆளில்லை.

எட்டாவது, கவுண்டர். அம்பேத்கர் தன்னுடைய வெயிட்டிங் ஃபார் எ விசா என்ற சிறு நூலில் 1929ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சியைப் பதிவு செய்திருக்கிறார். கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர். அவர் மனைவிக்குப் பிரசவத்துக்குப் பின் நோய். மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். கெஞ்சிய பின் சேரிக்கு வெளியில் நின்று பார்க்கச் சம்மதிக்கிறார். வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் தருகிறார், அவர் கணவரிடம் தருகிறார், கணவர் மனைவிக்கு வைக்கிறார், அதே வழியில் அது திரும்புகிறது. அந்தப் பெண் இறந்துபோகிறார். அந்த வெப்பமானியின் பாதை இன்னும் மூடப்படவில்லை. மேசையின் ஓரத்துக்கு மாத்திரைப் புட்டியைத் தள்ளிவிடும் கையில் அது இருக்கிறது. "எந்த காலனி?" என்று முகவரி கேட்கும் குரலில் இருக்கிறது. மறுபடி அங்கே போக வேண்டாம் என்று ஒருவர் தீர்மானிக்க அந்த ஒரு கை போதும். அதே மையங்களில் வெளியில் வந்து தோளில் கைபோட்டுப் பேசும் ஆற்றுப்படுத்துநர்களும் செவிலியர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஒப்பந்த ஊழியர்கள். ஒரு நல்ல ஆற்றுப்படுத்துநர் மாறிப்போனதும் மருந்தை நிறுத்தியவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

ஒன்பதாவது முகவரி, அரசு. நோயாளி ஒழுங்காக வந்து, மருந்து இல்லை என்று திருப்பி அனுப்பினால் அது யாருடைய தவறு? 2022 ஜூலையில், மருந்துத் தட்டுப்பாட்டைக் கண்டித்து, எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் டெல்லியில் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அலுவலகத்தில் அமர்ந்து போராடினார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் அந்தப் போராட்டம் நீடித்தது. மாத்திரை போட மறுப்பவர்கள் என்று சொல்லப்பட்ட மக்கள், மாத்திரை கொடு என்று கேட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் பாகுபாட்டைத் தடை செய்கிறது. சம்மதமின்றிப் பரிசோதிப்பதையும் நிலையை வெளியிடுவதையும் தடுக்கிறது. அதைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள், பயன்படும். ஆனால் அதன் 14ஆம் பிரிவில், அரசு சிகிச்சை வழங்குவது "இயன்றவரை" என்று பொருள்படும் ஒரு சொல் நுழைந்திருக்கிறது. நோயாளிக்கு 95 சதவீதம் கட்டாயம். அரசுக்கு இயன்றவரை. நம் கோரிக்கை எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்தச் சொல்லே காட்டுகிறது.

எது தாங்கிப் பிடிக்கிறது

தொடர்கிறவர்கள் ஏன் தொடர்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். தொடர்கிறவர்களே அதிகம். எங்கள் அனுபவத்தில் அவர்கள் எல்லோரிடமும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: நிலைமை தெரிந்தும் விலகாத ஒரு மனிதர். மனைவி, அம்மா, மகள், நண்பர், சில சமயம் டீக்கடைக்காரர். ஒருவர் போதும்.

எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் இதை நமக்கு முன்பே கண்டுகொண்டார்கள். 1997இல் அசோக் பிள்ளையும் அவருடைய தோழர்களும் சென்னையில் இந்திய அளவிலான ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1998இல் கௌசல்யாவும் மற்றப் பெண்களும் பாசிட்டிவ் பெண்கள் வலையமைப்பைத் தொடங்கினார்கள். இலவச மருந்து வருவதற்கும் ஆறேழு ஆண்டுகள் முன்பு, சாவுதான் அடுத்தது என்று சொன்ன காலத்தில், முகத்தைக் காட்டி மேடையேறினார்கள். தீண்டாமையைப் பற்றி எழுதும் நாம், அந்த மேடைகளில் எத்தனை முறை பக்கத்தில் நின்றோம்? இந்தக் கேள்வியை எங்களிடமே கேட்டுக்கொண்டோம். பதில் பெருமைப்படும்படி இல்லை.

செய்ய வேண்டியவை பெரிய ரகசியம் அல்ல. நிலைத்த உடல்நிலை உள்ளவர்களுக்கு இரண்டு, மூன்று மாத மருந்தை ஒரே முறையில் தருவது. கொரோனா ஊரடங்கில் இதைப் பரவலாகச் செய்தார்கள், முடியும் என்று நிரூபணமானது. கூலி வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை நேரமோ ஞாயிற்றுக்கிழமையோ மையத்தைத் திறப்பது. முத்திரையில்லாத விடுப்புச் சீட்டு. வீடு தேடி வருவதற்கு முன், வரலாமா என்று கேட்பது. ஆற்றுப்படுத்துநர்களை நிரந்தரமாக்குவது. மருந்தோடு சத்துணவு. இவற்றைக் கருணையாகக் கேட்கக் கூடாது, சிகிச்சையின் பகுதியாகக் கேட்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆய்வேட்டுக்காகக் கேள்வித்தாளோடு மையத்துக்குப் போனால் "மறதி" என்று ஒரு கட்டம் இருக்கும். பலர் அதில்தான் குறியிடச் சொல்வார்கள். மறதி என்பது அவமானம் குறைந்த பதில். அந்தக் கட்டத்தோடு எழுந்து வந்துவிடாதீர்கள். அன்று இரவு எங்கே இருந்தீர்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள். மாத்திரை மறந்த இரவுக்குள் ஒரு ஊர் இருக்கும்.

எழுத்தாளத் தோழர்களுக்கு ஒன்று. நம் கதைகளில் எய்ட்ஸ் வந்தால் பெரும்பாலும் அது பாவத்தின் சம்பளமாக, கடைசிப் பக்கத்துச் சாவாக வருகிறது. மாத்திரை போட்டுக்கொண்டு, மகளைக் கல்லூரியில் சேர்த்து, பேத்தியைத் தூக்கி வைத்திருக்கும் ஒரு மனிதரை நாம் எழுதவில்லை. அப்படிப்பட்டவர்கள் இந்த அரங்கத்திலும் இருக்கலாம். அவர்களைப் பார்க்க நீங்கள் திரும்ப வேண்டாம். எழுதினால் போதும்.

நம் அமைப்பினருக்கும் ஒன்று. நாங்களும் தவறியிருக்கிறோம். ஒரு பெண்ணைத் தொடர்ந்து மையத்துக்கு அழைத்துப் போனோம். ஒரு மாதம் அவர் புட்டியில் மாத்திரைகள் மீதியிருந்தன. எங்களில் ஒருவர், "உனக்காகத்தானே இவ்வளவு பேர் அலையிறோம், ஏம்மா இப்படிப் பண்றே?" என்று வரிசையிலேயே கேட்டுவிட்டார். அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எங்கள் தொலைபேசியையும் எடுக்கவில்லை. கோப்பில் எழுதியவரின் குரலே எங்கள் வாயிலிருந்தும் வந்தது. அவர் இப்போது வேறு மையத்தில் மருந்து வாங்குகிறார் என்று பிறர் மூலம் கேள்விப்பட்டோம். அது எங்களுக்கு நிம்மதி, மன்னிப்பு அல்ல.

இறுதியாக ஒரு செய்தி. அந்தக் கலைஞரின் துணைவியார் காலுறையைக் காட்டிய பிறகு, கலைக்குழு கூடிப் பேசி ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தது. இப்போது எந்த ஊருக்குப் போனாலும், பறை காய்ச்சத் தீ மூட்டுவதற்கு முன் இரவுச் சாப்பாடு. சாப்பாட்டோடு ஒரு குடம் தண்ணீர் நடுவில் வைப்போம். மாத்திரை இருப்பவர்கள் எல்லோரும் அப்போது எடுத்துப் போடுவார்கள். சர்க்கரைக்கு ஒருவர், ரத்த அழுத்தத்துக்கு ஒருவர், தைராய்டுக்கு ஒருவர், இரும்புச் சத்துக்கு ஒருவர். எது எதற்கு என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்கக் கூடாது என்பது விதி. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அடி சொல்லித் தருவதற்கு முன் இந்த விதியைச் சொல்லித் தருகிறோம்.

அவருக்கு இது தாமதமாகிவிட்டது. இன்று இரவும் நிகழ்ச்சி இருக்கிறது. சாப்பாடு ஏழரைக்கு. தண்ணீர் வைத்திருப்போம்.